வலி யாருக்கோ அவளைக் கேட்ட மயக்க டாக்டர்

ஞாயிறு பூசை முடிந்து கோயில் வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். மகள் பிலோமினா செல்போனில் கூப்பிட்டாள். "அம்மா, நம்ம சகாயராணி டாக்டரு போயிட்டாங்க." தூக்கத்திலேயே போய்விட்டாராம். போட்டது ஒரே ஜோடிச் செருப்புதானா என்றுகூடப் பார்க்காமல் வீடு வந்தேன்.

விருத்தாசலத்தில் பிள்ளை பெற்ற பலருக்கும் அவரைத் தெரிந்திருக்கும். நர்சிங் ஹோம்கள்தோறும் ஸ்கூட்டியில் போய் வந்த மயக்க மருந்து டாக்டர் அவர்.

முதல் பிரசவம் பிலோமினாவை உலுக்கிப் போட்டிருந்தது. இரண்டாவதற்கு வலி எடுத்த அந்த மத்தியானம், "வயித்தக் கிழிச்சி எடுத்துடுங்க, என்னால ஆவாது" என்று அழுதாள். குழந்தையின் தலை சரியாக இறங்கியிருக்க, ஆபரேஷன் எதற்கு என்பது என் கட்சி. பிரசவம் பார்த்த டாக்டருக்கும் அதே எண்ணம். வலியைக் குறைக்க அவர்தான் சகாயராணியை வரவழைத்தார்.

முதுகுத்தண்டில் போடும் ஊசிக்கு இரண்டு மருந்துகள் உண்டு, இரண்டும் அபின் வகை என்றார் சகாயராணி. "ஒண்ணு டவுன் பஸ்ஸு மாதிரிங்க. கையக் காட்டுனா நிக்கும், சீக்கிரமா எறக்கியும் வுட்டுடும். இன்னொண்ணு பாசஞ்சர் ரயிலு. வர்றதுக்கே லேட்டாவும், ஏறிட்டா ரொம்ப தூரம் போவலாம். வாந்தியும் அரிப்பும் ரயில்லதான் அதிகம்."

நீண்ட நேரம் வேலை செய்யும் ரயில் மருந்தே மேல் என்றேன். தாய்க்கு என்ன ஆகும், குழந்தைக்கு என்ன ஆகும் என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். சலிக்காமல் பதில் சொன்னார். "ரயிலு மருந்துல சில பேருக்கு நேரங்கழிச்சி மூச்சு கொறையும். விடியிற வரைக்கும் ஒருத்தர் பக்கத்துல உக்காந்து மூச்ச எண்ணணும். இங்க அதுக்கு ஆளு இல்லம்மா."

"நான் எண்ணுறேன்."

"எண்ணுவீங்க. சந்தேகம் வந்தா தூங்குற பொண்ண எழுப்பியும் கேப்பீங்க."

எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. பீங்கான் கம்பெனியிலிருந்து கால்சட்டையில் வெள்ளை மண்ணோடு வந்த மருமகனுக்கு எது சீக்கிரமோ அது போதும். சம்பந்தியம்மாளுக்கு ஊசியே வேண்டாம். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, "வலி யாருக்கோ அவங்க சொல்லட்டும்" என்று உள்ளே போனார். நானும் பின்னாலேயே போனேன். வலி விட்ட இடைவெளியில் பிலோமினாவிடம் இரண்டையும் விளக்கி, "சின்னது, அந்த பஸ்ஸு மருந்து போட்டா கடசில வலி எட்டிப் பாக்கலாம். அப்ப என்னைத் திட்டக் கூடாது" என்றார்.

"சின்னதே போடுங்க. அம்மா என் மூச்ச எண்ண வேணாம்."

சற்று நேரத்தில் அவள் முகம் தெளிந்தது. ஆபரேஷன் பேச்சை விட்டாள். மூக்கைச் சொறிய ஆரம்பித்தாள். அதைப் பார்த்த சம்பந்தியம்மாள், "அம்மை போட்டிருக்குது சம்பந்தி" என்று ஓடிப்போய் ஒரு கொத்து வேப்பிலையோடு திரும்பினார்.

"இந்த மருந்துலயும் கொஞ்சம் அரிக்கும், அம்மை இல்ல. வேப்பிலைய வச்சிக்கிங்க, கொசுவாச்சும் போவும்" என்றார் டாக்டர்.

கடைசியில், சொன்னபடியே வலி எட்டிப் பார்த்தது. வேறு ஆஸ்பத்திரியில் கூப்பிட்டும் அவர் கிளம்பவில்லை. பிலோமினா அவர் கையைப் பிடித்துக்கொண்டே முக்கினாள், திட்டவும் செய்தாள். பேத்தி பிறந்து வீறிட்டபோது, "அம்மாளும் பொண்ணும் சேந்து திட்றீங்களா?" என்று சிரித்தார்.

என் கணவர் இறந்த பிறகு எனக்காக முடிவெடுக்க ஆட்கள் அதிகமாகிவிட்டார்கள். போன மாதம் என் முழங்காலுக்கு ஆபரேஷனா மாத்திரையா என்று மகன்களும் எலும்பு டாக்டரும் என் தலைக்கு மேலே பேசிக்கொண்டிருந்தார்கள். "கால் என்னுடையது டாக்டர். ரெண்டையும் எங்கிட்ட சொல்லுங்க" என்றேன். சகாயராணியிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டது இதைத்தான். அந்த டாக்டர் நாற்காலியை என் பக்கம் திருப்பிப் போட்டு, முதலிலிருந்து ஆரம்பித்தார்.