பால்மா ரின்னுக்குள் இரண்டு பல்புகள்

என் மனுசனின் பெயரை நான் வாயால் சொல்வதில்லை. முப்பத்தொரு வருடப் பழக்கம். எழுதுவதற்குத் தடையில்லை என்பதால் எழுதுகிறேன்: ஐயாத்துரை. நெடுங்கேணியிலிருந்து நாலு மைல் உள்ளே, காட்டோரம் எங்கள் வீடு. வாசலில் நிற்கும் சாம்பல் நிற மொறிஸ் மைனர்தான் அவருக்கு மூத்த பிள்ளை. மகள் கஜேந்தினி இரண்டாவது. நான் மூன்றாவதாக வருவேனோ என்னவோ, கேட்டுப் பார்க்கத் துணிவில்லை.

அந்தக் காரில் ஏறாதவர்கள் இந்தப் பக்கத்தில் குறைவு. சண்டைக் காலத்தில் பெற்றோல் இல்லாமல் மண்ணெண்ணெயில் ஓட்டினார். பிள்ளைப்பேற்றுக்காரிகள், பாம்பு கடித்தவர்கள், காய்ச்சல்காரர் என்று எத்தனையோ பேரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். இருட்டினால் லைற் போட முடியாது, மேலே குண்டு போடும் கிபிர் விமானம் வரும். நிலவை நம்பியும் ஞாபகத்தை நம்பியும் ஓட்டுவார். ஒருநாள் வயிற்றுவலிக்காரி ஒருத்தியோடு போகும்போது, பழக்கதோசத்தில் கை போய் லைற்றைப் போட்டுவிட்டது. மேலே விமானச் சத்தம். உள்ளே இருந்தவர்கள் பயத்தில் குழறிக் கத்த, உடனே லைற்றை அணைத்துவிட்டார். குண்டு விழவில்லை, ஒருவருக்கும் ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் வீட்டுக்கு வந்தவர் முன் லைற் இரண்டையும் திறந்து, பல்புகளைக் கழற்றிப் பழந்துணியில் சுற்றி, ஒரு வெறும் பால்மா ரின்னுக்குள் வைத்து, தகர மூடியை அழுத்தி மூடினார்.

"கையை நம்பேலாது," என்றார்.

பிறகு இடம்பெயர்ந்தோம். நான் தையல் மெஷினை விட்டேன். அவர் காரை விட்டார், ரின்னை விடவில்லை. முகாமில் அரிசிக்கு வரிசையில் நின்றபோதும் அது கக்கத்துக்குள் இருந்தது. "காரே இல்லை, பல்ப் என்னத்துக்கு?" என்று ஏசியிருக்கிறேன். ஊருக்குத் திரும்பிய பின், சனம் விட்டுவிட்டுப் போன வாகனங்களைக் குவித்து வைத்திருந்த இடத்தில் நாலு நாள் தேடி, எங்கள் காரைக் கண்டுபிடித்துக் கயிறு கட்டி இழுத்து வந்தார். எஞ்சினைச் செய்தார், சீற் தைத்தார், பெயின்ற் அடித்தார். பல்புகள் மட்டும் ரின்னிலேயே கிடந்தன. பின்னேரம் ஐந்தரைக்குக் கார் கொட்டிலுக்குள் போய்விடும். "ஐயாத்துரை அண்ணை கோழியோட அடைஞ்சிடுவார்" என்று ஊர் பகிடி பண்ணும். அவரும் சேர்ந்து சிரிப்பார்.

இந்தத் தையில் கஜேந்தினிக்கு வவுனியா ஆஸ்பத்திரியில் தாதி வேலை கிடைத்தது. காலை ஏழு மணிக்கு அங்கே நிற்க வேண்டும். நெடுங்கேணியில் ஐந்தேகாலுக்குப் பஸ். அதுவரை நாலு மைலும் யானை நிற்கும் றோட்டு. மோட்டார் சைக்கிளில் விட முடியாது, அந்த இருட்டில் ஓட்டோவும் வராது. வவுனியாவில் அறை எடுத்துத் தங்கத் தகப்பன் சம்மதிக்கவில்லை. தானும் கொண்டுபோய் விட மாட்டார். வைக்கல் பட்டடை நாயின் கதைதான், தானும் தின்னாது, மாட்டையும் தின்ன விடாது. அவரிடம் சொல்லவில்லை, குசினியில் சட்டிக்குச் சொன்னேன்.

கஜேந்தினி சண்டை பிடிக்கவில்லை. "திங்கட்கிழமை போய் நிக்க வேணும். நான் வரேலை எண்டு எழுதிக் குடுக்கிறன் அப்பா," என்று மட்டும் சொன்னாள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் சோறு தின்ற கையோடு மனுசன் ரின்னை எடுத்துக்கொண்டு காரடிக்குப் போனார். மிளகாய் காயவைக்கிற சாட்டில் நானும் போனேன். லைற்றைச் சுற்றியிருந்த வெள்ளி வளையத்தின் அடியில் ஒரேயொரு திருகாணி, துருவேறிக் கிடந்தது. மண்ணெண்ணெய் விட்டு ஊறவைத்துக் கழற்றினார். உள்ளே குளவிக்கூடு.

"பதினெட்டு வருசமா வாடகை இல்லாமல் இருந்திருக்கினம்," என்றார்.

முதல் பல்ப் எரிந்தது. இரண்டாவதற்கு உள்ளே இழை அறுந்திருந்தது. அவருடைய முகம் விழுந்துவிட்டது.

"பாத்தீரே, அதுக்கும் விருப்பமில்லை."

"அதுக்கு விருப்பமில்லையெண்டால் வேறொண்டு வாங்கலாம். பிள்ளைக்கு வேற வேலை வாங்கேலாது," என்றேன்.

மறுநாள் மாங்குளத்துக்குப் போனோம். முதல் இரண்டு கடைகளிலும் புதுமாதிரிப் பல்புகளைக் காட்டினார்கள். அவற்றின் அடி எங்கள் காருக்குப் பொருந்தாது. மூன்றாவது, கணபதியரின் உழவு மெஷின் சாமான் கடை. அவர் பழைய பல்பை வாங்கி உருட்டிப் பார்த்தார்.

"அண்ணை, இது பழைய உழவு மெஷினுக்குப் போடுறதெல்லோ," என்றவர், தூசி படிந்த பெட்டியொன்றைக் கிளறி ஒன்றை எடுத்துத் தந்தார். வீட்டுக்கு வந்து மாட்டினோம். மூத்த பிள்ளைக்கு உழவு மெஷினின் கண் அச்சொட்டாகப் பொருந்தியது.

திங்கட்கிழமை விடிய நாலரைக்கு காரின் நாலு சில்லுக்கும் அடியில், நசிந்து கண்ணூறு கழியட்டும் என்று, தேசிக்காய் வைத்தேன். நான் பின்னால், மகள் முன்னால். கார் ஸ்ரார்ட் ஆனது. லைற் போடும் குமிழில் அவருடைய கை போய் நின்றது, நின்றபடியே இருந்தது. கஜேந்தினி மணிக்கூட்டைப் பார்த்தாள். கடைசியில் இழுத்தார். வேலி தெரிந்தது, பாலை மரம் தெரிந்தது, றோட்டைக் கடந்த முயலொன்று நின்று பார்த்துவிட்டுப் போனது.

"இந்த றோட்டு இவ்வளவு அகலமே?" என்றார்.

பஸ்ஸுக்குப் பத்து நிமிடம் முந்திப் போய்விட்டோம். ஆனால் வீட்டுக்கு வந்ததும் மனுசன் என்ன செய்தார் என்று நினைக்கிறீர்கள்? பல்பு இரண்டையும் கழற்றி ரின்னுக்குள் வைத்தார். மறுநாள் விடிய மாட்டினார், வந்து கழற்றினார். ஒன்பது நாள் இப்படியே. பிடிச்சிராவித்தனம், கஞ்சன் புத்தி என்று வாய் வரைக்கும் வந்தது. விழுங்கிக்கொண்டேன். பிள்ளை வேலைக்குப் போகிறாள், அது போதும்.

பத்தாம் நாள் மகளை விட்டுவிட்டு வந்தவர் நேரே குசினிக்குள் வந்தார். கையில் ரின்.

"இஞ்சாரும், மல்லித்தூள் போட ரின் இல்லையெண்டு சொன்னனீர். இதை வைச்சிரும்."

மூடியைத் திறந்து பார்த்தேன். பழந்துணிகூட இல்லை, கழுவித் துடைத்திருந்தார். வெளியே வந்து காரைப் பார்த்தேன். இரண்டு கண்ணாடிக்குள்ளும் பல்புகள் இருந்தன. எனக்கு அழுகை வந்தது. அழுதபடியே உள்ளே போய், மனுசன் மனம் மாறுவதற்கு முதல், ரின்னின் வாய் முட்ட மல்லித்தூளைக் கொட்டினேன்.