கறியில் ஊற்றிய ஒயின்

பிள்ளைகளே, என் தங்கையின் கணவர் குடிப்பழக்கத்தை நிறுத்த மாத்திரை சாப்பிட்டு வந்தார். அதோடு மது சேர்ந்தால் ஆபத்து.

கிறிஸ்துமஸ் விருந்தில் பழக்க தோஷத்தில் அவரிடமும் அடர்சிவப்பு ஒயினை நீட்டினேன். இரண்டு வகைத் திராட்சை கலந்தது.

"வேணாம் மச்சான், கறி போடுங்க," என்றார்.

மாட்டுக்கறிக்குப் பொருத்தமென்று அந்த ஒயினைக் கறியிலேயே ஊற்றியிருந்தேன். ஒரு கொதியில் போதை போய்விடும் என்று நினைத்துச் சொல்லவில்லை.

சாப்பிட்டவர் முகம் சிவந்து, மூச்சு வாங்கிச் சரிந்தார்.

ஆஸ்பத்திரியில் டாக்டர், "குடிச்சாரா?" என்றார்.

"நான் தொடல டாக்டர்," என்று திணறினார் தங்கை கணவர்.

"எப்பய்யா ஒளிஞ்சிக்கினு குடிச்ச?" என்று தங்கை அவரை உலுக்கினாள்.

பயத்தில் நான் வாய் திறக்கவில்லை. அவர் கண்ணில் நீர் வழிந்த பிறகுதான் உண்மையைச் சொன்னேன்.

பிழைத்துவிட்டார். ஆனால் எங்கள் வீட்டில் இப்போது அவர் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை. அவர்மேல் எனக்கு வருத்தமில்லை.