பதினைந்துக்குப் பிறகு

நான் ஒரு மடையன். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. கடைசி வரை படித்துவிட்டு நீங்களாகக் கண்டுபிடித்தால் எனக்குக் கூச்சமாக இருக்கும். நர்சிங் முடித்துப் பதிவுச் சான்றிதழ் கைக்கு வந்ததும், அதைக் கம்பத்தில் ஒரு கண்ணாடிக் கடையில் கொடுத்துச் சட்டம் போட்டு, சாமி படங்களுக்குப் பக்கத்தில் மாட்டினேன். ஆயுத பூஜை வந்தால் அதற்கும் சந்தனம், குங்குமம், ஒரு முழம் பூ. கல்யாணம் மாதிரி இதுவும் ஒரு தடவை பதிந்தால் ஆயுசுக்கும் போதும் என்று நினைத்திருந்தேன்.

எங்கள் ஆஸ்பத்திரிக்குப் புதிதாக வந்த மேனேஜர்தான் கண்ணைத் திறந்தார். ஐந்து வருடத்துக்கு ஒரு தடவை புதுப்பிக்க வேண்டுமாம். அதற்கு இத்தனை மணி நேரம் என்று வகுப்பில் உட்கார்ந்து சான்று வாங்க வேண்டுமாம்.

"சார், வருசா வருசம் பூஜை போட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. வீட்டில் சட்டத்தைக் கழற்றிப் பார்த்தபோது எனக்கும் சிரிப்பு வரவில்லை. சந்தனம் கண்ணாடி இடுக்கு வழியாக இறங்கியிருந்தது. முத்திரை இருந்த இடத்தைக் கரப்பான்பூச்சி ருசி பார்த்திருந்தது.

என் அக்காவும் அதே ஆஸ்பத்திரியில்தான் நர்ஸ். அவளைப் பார்த்துத்தான் நானும் அந்தப் படிப்புக்குப் போனேன். தெருவில் என்னை 'ஆம்பள நர்ஸம்மா' என்று கூப்பிட்டார்கள். நானும் கூப்பிட்ட குரலுக்குப் போய் ஊசி போட்டுவிட்டு வந்தேன். அக்காவின் சான்றிதழ் டிரங்குப் பெட்டியில் மடிப்புக் கலையாமல் இருந்தது. அவளும் புதுப்பிக்கவில்லைதான். ஆனால் அவள் விஷயம் வேறு. புதுப்பிக்க வேண்டிய அந்த வருடத்தில்தான் மாமா போனார்.

மாமா என்றால் அவள் வீட்டுக்காரர். சுருளிப்பட்டிப் பக்கம் திராட்சைத் தோட்டம் ஒன்றைக் குத்தகைக்கு எடுத்திருந்தார். அன்று அக்காவுக்கு வார விடுமுறை. காலையிலேயே அவரோடு தோட்டத்துக்குப் போயிருந்தாள். பந்தலுக்கு அடியில் குனிந்து நின்றவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அப்படியே சரிந்திருக்கிறார். அந்த வழியாக ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிக்கொண்டு போன ஜீப்பை மறித்து, பெண்கள் எல்லாரும் இறங்கி இடம் விட்டு, பின்னால் கீழே அவரைக் கிடத்தினார்கள். கம்பம் வந்து சேரும் வரை அக்கா அவர் நெஞ்சை அமுக்கினாள், வாயில் ஊதினாள், மறுபடியும் அமுக்கினாள். கூட ஏறிய தோட்டத்து ஆட்கள் இரண்டு பேருக்கும் காலைப் பிடித்துக்கொள்ளத்தான் தெரிந்தது. ஆஸ்பத்திரி வாசலில் ஜீப் நின்ற பிறகும் அவள் நிறுத்தவில்லை. டாக்டர் வந்து கையைப் பிடித்து, "விட்டுருங்க சிஸ்டர்" என்றார். அந்த 'சிஸ்டர்' என்ற சொல்லைக் கேட்டுத்தான் விட்டாள் என்று நினைக்கிறேன். வேலையில் இருக்கும்போது டாக்டர் சொன்னால் கேட்டுத்தானே பழக்கம்.

இப்போது மேனேஜர், சித்திரைக்குள் புதுப்பிக்காதவர்கள் வார்டுக்குள் கால் வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். என் வேலை போனால் சந்தையில் வாழைத்தார் தூக்கப் போய்விடலாம். உடம்பு இருக்கிறது, வெட்கம் ஏற்கனவே இல்லை. அக்காவுக்கு அப்படியில்லை. தோட்டத்தைத் திருப்பிக் கொடுத்தாயிற்று. அவளும், பிளஸ் டூ படிக்கும் மகளும் அவள் சம்பளத்தில்தான் சாப்பிட்டார்கள்.

வகுப்புகள் தேனியில், ஞாயிற்றுக்கிழமைகளில். ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தை வாடகைக்கு எடுத்திருந்தார்கள். பந்தி மேசைகளில் வரிசையாக உட்கார்ந்தோம். முன்தினம் நடந்த கல்யாணத்தின் ரசவாடை போகாத கூடத்தில், கை கழுவுவது எப்படி என்று பாடம் கேட்டோம். நான் கடைசிப் பந்தியில் உட்கார்ந்து பக்கத்துச் சிஸ்டர்களிடம், "அப்பளம் எப்ப வரும்?" என்று கேட்டுக்கொண்டிருப்பேன். அக்கா முழங்கையால் இடிப்பாள். மாமா போன பிறகு அவள் என்னை இடித்தது அந்த வகுப்புகளில்தான். அதற்காகவே கொஞ்சம் அதிகமாகப் பேசினேன்.

கடைசி ஞாயிறு, நின்றுபோன இதயத்தை அமுக்கி ஓட வைக்கும் பயிற்சி. ரப்பர் பொம்மை ஒன்றைக் கொண்டுவந்து பாயில் கிடத்தியிருந்தார்கள். இடுப்புக்குக் கீழே அதற்கு ஒன்றும் கிடையாது. சரியான ஆழத்துக்கு அமுக்கினால் 'டிக்' என்று சத்தம் போடும். பாடம் எடுத்தது சின்னமனூர்க்காரப் பெண். எங்களில் பாதிப் பேரைவிட வயதில் இளையவள், நல்ல கலகலப்பு.

"முன்னாடி பதினஞ்சு தடவை அமுக்கிட்டு ரெண்டு தடவை ஊதுவோம். இப்ப அத மாத்திட்டாக. முப்பது அமுக்கணும், அப்புறந்தான் ஊதணும்" என்றாள்.

"ஏங்க, சம்பளம் அதேதான, வேலைய மட்டும் ரெண்டு மடங்கு ஆக்கிட்டாகளா?" என்றேன். கூடம் சிரித்தது.

அவளும் சிரித்துவிட்டு விளக்கினாள். "உங்களுக்குப் புரியுற மாதிரி சொல்றேன். மோட்டாரப் போட்டா தண்ணி வாய்க்கால்ல மெதுவா ஏறி வயக்கடைசிக்குப் போகுதுல்ல? பாதியில நிறுத்துனா என்னாகும்? திரும்ப மொதல்ல இருந்து ஏறணும். மூளை இருக்கிறது வயக்கடைசி. அடிக்கடி நிறுத்தி நிறுத்தி ஊதுனா அங்கன ரத்தம் போய்ச் சேராது."

கூடத்தில் எல்லாருக்கும் புரிந்தது. எல்லார் வீட்டிலும் வயலோ தோட்டமோ இருந்தது. என் பக்கத்தில் அக்கா எழுந்து நின்றாள்.

"இத எப்ப மாத்துனாக?"

"ரெண்டு மூணு வருசமாச்சு சிஸ்டர். இங்கனதான் மெதுவா வருது."

அக்கா உட்கார்ந்தாள். இரண்டு மூன்று வருடம். மாமா போயும் அவ்வளவுதான் இருக்கும். நான் அவள் முகத்தைப் பார்க்காமல் மின்விசிறியைப் பார்த்தேன். 

ஒவ்வொருவராகப் போய்ப் பொம்மையை அமுக்கினோம். அக்காவின் முறை வந்தது. புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு முழங்காலிட்டாள். கை வைத்த இடம் சரி, முழங்கை மடங்கவில்லை, ஒவ்வொரு அமுக்குக்கும் 'டிக்', 'டிக்' என்று பொம்மை ஒழுங்காகப் பதில் சொன்னது. அதற்கு முன்னால் யாரும் அவ்வளவு சுத்தமாகச் செய்யவில்லை. பதினைந்தில் நிறுத்தி, குனிந்து ஊதப்போனாள்.

"முப்பது சிஸ்டர்" என்றாள் அந்தப் பெண்.

மறுபடியும் தொடங்கினாள். பதினைந்தில் கை தானாக நின்றது. மூன்றாம் தடவையும் அப்படியே. 

"பாத்துச் செய்ங்க சிஸ்டர். செய்யாம நான் கையெழுத்துப் போட முடியாது" என்றாள் அந்தப் பெண். அவளைக் குறை சொல்ல முடியாது. அவளுக்கு ஒன்றும் தெரியாது. அந்த வருடத்துக்கு அதுதான் கடைசி வகுப்பு. கையெழுத்து இல்லாவிட்டால் சித்திரைக்குப் பிறகு அக்கா வீட்டில்தான் இருக்க வேண்டும்.

நான் எழுந்து போய்ப் பொம்மைக்கு மறுபக்கம் முழங்காலிட்டேன். என்ன செய்யப் போகிறேன் என்று சத்தியமாக எனக்குத் தெரியாது. வாயில் வந்ததைச் சொன்னேன்.

"நான் எண்ணுறேன், நீ அமுக்கு. லாபம்!"

களத்தில் நெல் அளக்கும்போது ஒன்று என்று சொல்ல மாட்டார்கள், லாபம் என்றுதான் தொடங்குவார்கள். எனக்குத் தெரிந்த எண்ணிக்கை அது. பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அக்கா என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"ஏலே, வெளையாடாத."

"வெளையாடல. லாபம்... ரெண்டு... மூணு..."

அமுக்கினாள். நான் களத்துக்காரனைப் போலக் குரலை இழுத்து எண்ணினேன். பதினான்கு, பதினைந்து. அவள் தோள் தயங்கியது. "பதினாறு!" என்று கத்தினேன். கூடத்தில் சிரிப்பு நின்றிருந்தது. பதினாறுக்கு 'டிக்' கேட்டது. பதினேழுக்கும் கேட்டது. அதற்கு மேல் ஒவ்வொரு எண்ணுக்கும் அவள் கண்ணிலிருந்து ஒரு சொட்டு பொம்மையின் நெஞ்சில் விழுந்தது; ரப்பர் என்பதால் அங்கங்கே முத்தாக நின்றது. முப்பது சொன்ன பிறகுதான் அவள் குனிந்து ஊதினாள். பொம்மையின் மார்பு ஏறி இறங்கியது.

எவ்வளவு அழகாக ஏறி இறங்கியது.

அந்தப் பெண் ஒன்றும் கேட்காமல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். அக்கா சான்றைப் பைக்குள் வைத்துக்கொண்டு, குழாயடிக்குப் போய்க் கை கழுவினாள். வகுப்பில் சொல்லிக்கொடுத்த மாதிரியே விரல் இடுக்கு, நகக்கண், மணிக்கட்டு என்று வரிசையாக, வெகுநேரம் கழுவினாள்.

கம்பம் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். வீரபாண்டியில் பஸ் நின்றது. நான் முறுக்கு வாங்கி நீட்டினேன், வாங்கவில்லை. நானும் தின்னவில்லை; என்னைத் தெரிந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய துக்கம் என்று புரியும். சின்னமனூரில் கூட்டம் இறங்கி, பஸ் காலியானது. வெளியே தென்னையும் வாழையும் போய்க்கொண்டிருந்தன. உத்தமபாளையத்துக்கு முன்னால், கண்ணாடியைப் பார்த்தபடியே, "பதினஞ்சு பதினஞ்சாத்தாண்டா அமுக்குனேன்" என்றாள்.

"தெரியும்க்கா."

"வழி பூராம் நிறுத்தி நிறுத்தி."

அப்போதுதான் எனக்குச் சொல்வதற்கு ஒன்று இருந்தது. நல்லவேளையாக வேடிக்கை இல்லாத ஒன்று.

"அக்கா, அன்னைக்கு டாக்டரு என்னைய தனியாக் கூப்பிட்டுச் சொன்னாரு. பெரிய அடைப்பாம். நீ எப்புடி அமுக்கியிருந்தாலும் மாமா பிழைச்சிருக்க மாட்டாகன்னு சொன்னாரு."

அவள் என் பக்கம் திரும்பினாள்.

"அந்த டாக்டரு எந்த வருசம் படிச்சவரு?"