டர்னிங் ரேடியஸ் ஆறு மீட்டர்: வலியசாலையிலிருந்து சுசீந்திரத்துக்கு ஒரு பிக்கப் பயணம்

பிக்கப்பில் கல்யாணப் பாத்திரம் ஏற்றிக்கொண்டு சுசீந்திரம் போக நினைப்பவர்கள் என்னிடம் வழி கேட்கிறார்கள். நான் முதல் தடவை போனது எண்பத்தெட்டில், தை மாதம். வலியசாலையில் குடியிருந்து கல்யாணச் சமையல் எடுத்துக்கொண்டிருந்தேன். சுசீந்திரத்தில் மாலை நாலு மணிக்குள் பாத்திரம் இறங்காவிட்டால் நாகர்கோவில் சமையல்காரரைக் கூப்பிட்டுவிடுவேன் என்று கல்யாணப் பெண்ணின் அப்பா சொல்லியிருந்தார். மாநில எல்லை தாண்டிக் கிடைத்த முதல் கல்யாணம். விட மனசில்லை.

வண்டி வாங்கி மூன்று நாள்தான் ஆகியிருந்தது. நாலு சிலிண்டர் டீசல், ஐந்து கியர், எட்டடி நீளப் பின்பெட்டி, ஒரு டன் சுமக்கும். டர்னிங் ரேடியஸ் ஆறு மீட்டர் என்று புத்தகத்தில் போட்டிருந்தது. நான் ஒன்பதாம் வகுப்பு வரை படித்தவன். கையில் டேப் இல்லாததால், வாங்குவதற்கு முன்பே மனைவி பார்வதியின் ஒன்பது கஜம் புடவையைத் தெருவின் குறுக்கே பிடித்து அளந்திருந்தேன். ஒரு முழம் மிச்சம். அதாவது தெரு ஏழே முக்கால் மீட்டர். ஆறு மீட்டரில் திரும்புகிற வண்டிக்கு அது தாராளம்தானே?

எங்கள் தெரு மறுமுனை அடைத்த முட்டுத் தெரு. காலை பத்து மணிக்கு அண்டா, உருளி எல்லாம் ஏற்றி, வாசலில் வண்டியைத் திருப்பினேன். முன்பக்கம் கரண்ட் கம்பம், பின்பக்கம் எதிர்வீட்டுப் படி. நாற்பது நிமிஷம் முன்னும் பின்னும் ஆட்டினேன். ஸ்கூலில் படிக்கிற மகள் மீனா புத்தகத்தை வாங்கிப் பார்த்தாள்.

"அப்பா, ரேடியஸ்னா ஆரம். வட்டத்துல பாதி. முழுசாத் திரும்பப் பன்னெண்டு மீட்டர் வேணும்."

"ஆரம்னா கழுத்துல போடறதுன்னா?" என்றேன். தெருவே சிரித்தது.

எதிர்வீட்டு மணி சார் அரசாங்கத்தில் கட்டடப் படம் வரைகிறவர். படியில் நின்றே சொன்னார்: "ஓய், புடவையால அளந்து வண்டி வாங்கின ஆள் நீர் ஒருத்தராக்கும். பேசாம பாத்திரத்தை இறக்கிக் கைவண்டியில விடும். இதை வித்துடும்."

"விக்க மாட்டேன். திரும்பலேன்னா என்ன? பின்னாலயே போறேன்."

பார்வதி பெரிய கரண்டியோடு வண்டிக்குப் பின்னால் போய் நின்றாள். "கேட்டேளா, ஒரு தட்டுன்னா நில்லுங்கோ, ரெண்டு தட்டுன்னா வாங்கோ. கண்ணாடியைப் பாத்துப் பயப்பட வேண்டாம்."

தெருமுனை வரை நூற்றெண்பது மீட்டர், இருபத்தைந்து நிமிஷம். மணி சார் வீட்டுப் படி மட்டும் ஓரத்தில் கொஞ்சம் உடைந்தது. அதைப் பிறகு நானே பூசிக் கொடுத்தேன், வண்டியை விற்காமல்.

பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டுக் கிளம்பும்போது மணி பதினொன்றே முக்கால். சுசீந்திரம் எழுபத்தைந்து கிலோமீட்டர். நெய்யாற்றின்கரை தாண்டும்வரை நாலாவது கியருக்கு வேலையே இல்லை. களியக்காவிளை ஒன்றேகால், மார்த்தாண்டத்தில் டீ, மூன்று ஐந்துக்கு சுசீந்திரம்.

மண்டபத் தெருவில் பந்தல் கால் நட்டு வழி பாதியாகியிருந்தது. நாற்காலி ஏற்றி வந்த லாரி தெருமுனையிலேயே நின்றது. டிரைவர் கை காட்டினார்.

"அண்ணாச்சி, உள்ள போவாதீங்க. திருப்ப எடம் கெடையாது, பாத்துக்கிடுங்க."

"இந்த வண்டி திரும்பாதுன்னு காலையிலதான் தெரிஞ்சுது," என்றேன்.

பார்வதி கரண்டியோடு இறங்கினாள். டக் டக். டக் டக். கம்பத்துக்குக் கம்பம் பின்னாலேயே போனோம். மூன்றரைக்குப் பின்பெட்டி நேராக அடுப்படி வாசலில் நின்றது. பெண்ணின் அப்பா கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "பால் எப்ப காய்ச்சப் போறேள்?" என்று மட்டும் கேட்டார். அது போதும். லாரிக்காரர் நாற்காலிகளைத் தலையில் சுமந்து கொண்டிருந்தார். அவருக்கும் முதல் காபியில் பங்கு கொடுத்தேன்.

போகிறவர்களுக்கு: போக வர டீசல் பதின்மூன்று லிட்டர் பிடித்தது, அன்றைக்கு ஐம்பது ரூபாய்க்குள். பத்துக்குள் கிளம்புங்கள். புத்தகத்தில் ரேடியஸ் என்று போட்டிருந்தால் இரண்டால் பெருக்குங்கள். தெரு போதாது என்றால் ரிவர்ஸ் கியரை முதலில் பழகுங்கள். புடவை அளவில் தப்பே இல்லை, அதை யாரும் குறை சொல்ல வேண்டாம்.

"எப்பவாக்கும் திருப்பப் போறீர்?" என்று மணி சார் தினமும் கேட்டார். பதினோரு வருஷம் அந்த வண்டி எங்கள் தெருவுக்குள் வந்து போனது. ஒரு நாளும் திரும்பவில்லை.