முக்கால் மணி

பன்னிரண்டு வயதில் பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவள் நோலீன். அதனால் என்ன குறைந்துபோயிற்று? யூக்ளாவில் லாரிக்காரர்கள் இறங்கிச் சாப்பிடுகிற அந்த உணவகம் அவள் கையால் எழுந்தது. ஜெனரேட்டரோ குளிர்பெட்டியோ, எது படுத்தாலும் அவளே எழுப்பிவிடுவாள்.

அன்று படுத்திருந்தது அடிலெய்டு ஆஸ்பத்திரியில் அவள் தம்பி டெஸ். தாய் போனபின் அவள் தூக்கி வளர்த்த பிள்ளை. இனித் தேறமாட்டான் என்று, பத்து மணிக்குச் செயற்கைச் சுவாசக் குழாயை எடுத்துவிடுவார்கள். அதற்கு முன் கணினியில் கூப்பிட்டு முகத்தைக் காட்டுவதாக நர்ஸ் சொல்லியிருந்தாள். அடிலெய்டில் பத்து என்றால் யூக்ளாவில் ஒன்பதேகால்.

அலுவலக அறைக் கணினியின் கடிகாரம் அடிக்கடி பின்தங்கும். விடிந்ததும் அதன்முன் உட்கார்ந்து, இணையத்திலிருந்து தானே நேரம் வாங்கிக்கொள்ளும்படி அமைத்தாள். எந்த ஊர் நேரம் என்று கேட்டது. மேற்கு ஆஸ்திரேலியாதானே என்று பெர்த்தைத் தட்டினாள். ஒன்பதுக்கு அலாரமும் வைத்தாள்.

மெக்கானிக் ட்ரெவ் வாசலில் நின்று சிரித்தான். "சுவத்துல பெர்த், யூக்ளா, அடிலெய்டுன்னு மூணு ஊர் கடிகாரம் தொங்குது. அது போதாதா மகாராணிக்கு?"

"அடுப்புல நிக்கிறப்ப சுவத்தையாடா பாப்பேன்? இது தானா கத்தும். போய் டயரை உருட்டு."

முட்டையும் பேக்கனும் பொரிந்தன. அலாரம் கத்தியதும் கையைத் துடைத்து, தலையைக் கோதி, ஓடிவந்து உட்கார்ந்தாள். திரையில், எடுக்காமல் விட்ட அழைப்புகள் இரண்டு. அவளே கூப்பிட்டாள்.

நர்ஸின் முகம் வந்தது. "எங்க போயிட்டீங்க நோலீன்? கொஞ்ச நேரம் தள்ளிக்கூட வச்சோம். திரையையே பாத்துக்கிட்டிருந்தாரு."

"இன்னும் நேரம் இருக்கேம்மா. ஒன்பதுதானே ஆகுது?"

நர்ஸ் கையிலிருந்த திரையை மெல்லக் கட்டிலின் பக்கம் திருப்பினாள். குழாய் இல்லாத முகம். வாய் லேசாகத் திறந்திருந்தது.

"டெஸ். நான்தான்டா. வந்துட்டேன் பாரு. பயப்படாத, என்ன?"

சமையலறையில் எதுவோ தீய்கிற வாடை. அடுப்பை அணைத்துவிட்டு வந்த ட்ரெவ், திரை மூலையில் இருந்த நேரத்தையும் தன் கைக்கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்தான். திரையில் இருந்தது பெர்த் நேரம்; யூக்ளாவுக்கு முக்கால் மணி பின்னால். தொப்பியைக் கழற்றினான்.

"ட்ரெவ், நேரம் சரியாத்தானேடா வச்சேன்?"

"சரியாத்தான் வச்சிருக்கீங்க, நோலீன்."

இத்தனை வருஷத்தில் கிண்டல் கலக்காமல் அவன் ஒரு பதில் சொன்னதில்லை. அவளுக்குப் புரிந்துவிட்டது.