சோபாவுக்கு அடியில் ஒரு பூனை

என் தங்கை எதையெல்லாம் வென்றாள் என்றால்: அவளுக்குப் பாக்கி வைத்த பதிப்பகத்தை, "வீட்ல உக்காந்து கிறுக்குறவங்களுக்கெல்லாம் சட்டமா?" என்று சிரித்த அதன் முதலாளியை, இப்படி வேலை செய்பவர்களின் கூலியை உறுதி செய்யும் மசோதாவை மூன்று முறை கிடப்பில் போட்டவர்களை, "வேண்டாம்டி, பெரிய இடம்" என்ற எங்கள் அம்மாவின் பயத்தையும்தான்.

அவள் குழந்தைகள் புத்தகங்களுக்குப் படம் வரைபவள். மாதச் சம்பளம் கிடையாது. படத்துக்கு இவ்வளவு என்று போனில் பேச்சு. வேலையை முடித்து அனுப்பிய பிறகு அந்தப் போனை யாரும் எடுக்க மாட்டார்கள். இப்படி ஏமாந்தவர்களை அவள் தேடித் தேடிச் சேர்த்தாள். மொழிபெயர்ப்பவர்கள், வீடியோ எடிட் செய்பவர்கள் எல்லாரும் வந்தார்கள். எங்கள் சாப்பாட்டு மேசை சங்க அலுவலகமானது. நான் தட்டை மடியில் வைத்துச் சாப்பிட்டேன்.

கடைசியில் மசோதாவை ஆராயும் சட்டமன்றக் குழு அவளை அழைத்தது. குழு பரிந்துரைத்தால் சட்டம். இல்லையென்றால் மறுபடியும் கிடப்பு. முதலாளியும் வந்திருந்தார்.

"இந்தம்மா யாருன்னே தெரியாதுங்க. எங்களுக்கு வரைஞ்சதுக்கு ஒரு துண்டுச் சீட்டு இருக்கா, கேளுங்க."

இல்லை. படத்தின் ஓரத்தில் பெயர் போடக்கூட அவர்கள் விட்டதில்லை. பின்வரிசையில் இருந்த நான் எழுந்து எட்டிப் பார்த்தேன்.

தங்கை மடிக்கணினியைத் திறந்தாள். அவர் விற்கும் புத்தகத்தின் அட்டைப்படம் பெரிய திரையில் வந்தது. அவள் கணினியில் வரைவது ஒரே தாளில் அல்ல; தரை, சோபா, குழந்தை என்று அடுக்கடுக்காக.

"சார், இந்த சோபாவை எடுத்துட்டா கீழ என்ன இருக்கும்?"

"என்ன இருக்கும், தரைதான்."

சோபா அடுக்கை மறைத்தாள். அங்கே ஒரு குண்டுப் பூனை தூங்கிக்கொண்டிருந்தது.

"பூனை வேண்டாம், சோபா போடுங்கன்னு உங்க ஆபீஸ்லதான் சொன்னாங்க. அழிக்க மனசு வரல. மேலயே சோபாவைப் போட்டுட்டேன்."

குழுத் தலைவி சிரிப்பை அடக்கவில்லை. "ஏங்க, உங்க வீட்ல பூனை இருக்கிறது உங்களுக்கே தெரியலையே!"

சட்டம் நிறைவேறியது. வேலை தொடங்கும் முன் எழுத்தில் ஒப்பந்தம், முடித்த முப்பது நாளில் பணம், தவறினால் இரட்டிப்பு. அவளுடைய பாக்கியும் வந்தது. "எம் பொண்ணுக்கு அப்பவே தைரியம் ஜாஸ்தி" என்று அம்மா தெரு முழுக்கச் சொல்லி முடித்தாள்.

பிறகு வேறொரு பதிப்பகத்திலிருந்து ஒப்பந்தம் வந்தது.

"அண்ணா, பேனா இருக்கா?"

ஊருக்கெல்லாம் படம் வரைபவளிடம் ஒரு பேனா இல்லை. என்னுடையதைக் கொடுத்தேன். ஒரு கோடுகூட வரைவதற்கு முன்னால் அவள் முதன்முதலாகத் தன் பெயரைக் கையெழுத்திட்ட நாள்: 2023 மார்ச் 9, வியாழக்கிழமை.