அண்டாவுக்குள் உட்கார்ந்த மாவு

இன்றைக்கும் உடம்பில் ஒரு கொப்புளம் தெரிந்தால் போதும், கைபேசியில் தேடி, என் சாவுக்கு யார் யார் வருவார்கள் என்பதுவரை யோசித்துவிட்டுத்தான் டாக்டரிடம் போவேன். இந்தப் பயிற்சி எனக்கு ஒன்பது வயதில், பட்டாபிராமில் தொடங்கியது.

அப்போது எனக்குக் காதில் சீழ் வடிந்தது. டாக்டரம்மா எழுதிக் கொடுத்த இனிப்பு மருந்தில் சரியாகிவிட்டது. அம்மாவுக்குத் திருப்தியில்லை. மிச்சம் மீதி உள்ளே தங்கிவிடக் கூடாதென்று, காலி பாட்டிலை மருந்துக் கடையில் காட்டி இன்னொன்று வாங்கி ஊற்றினாள். அதுவும் தீரும் நேரத்தில் என் நாக்கில் வெள்ளைத் திட்டுகள். துணியால் தேய்த்தேன், போகவில்லை. ஓரிடத்தில் மட்டும் உரிந்தது. அடியில் செக்கச்செவேலென்று எரிந்தது.

காரணம் எனக்கு உடனே விளங்கிவிட்டது. இட்லி மாவைப் பச்சையாக வழித்துத் தின்கிற பிள்ளை நான். மாவைப் பொங்க வைப்பது கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் என்று பள்ளியில் வேறு அப்போதுதான் சொல்லியிருந்தார்கள். அண்ணனிடம் நாக்கை நீட்டினேன். டார்ச் அடித்துப் பார்த்து, மெக்கானிக் மாதிரி உதட்டைப் பிதுக்கினான்.

"மாவு ஊறிகினு கீதுடா. காலைல பொங்கிடும். வவுத்துக்கு மூடி கூட இல்லியே, இன்னா பண்ணுவே?"

சட்டையைத் தூக்கிப் பார்த்தேன். வயிறு பொங்க ஆரம்பித்திருந்தது. சற்றுமுன் தின்ற சோற்றை நான் கணக்கில் எடுக்கவில்லை.

கோடையில் மாவு சீக்கிரம் புளிக்காமலிருக்க, அம்மா குண்டானைத் தண்ணீர்த் தட்டில் இறக்கி வைப்பாள். அதே வைத்தியம்தான். பெரிய அண்டாவில் தண்ணீர் பிடித்து, கழுத்துவரை இறங்கி உட்கார்ந்தேன். பற்கள் அடித்துக்கொள்ளத் தொடங்கியபோது, குணம் தெரிகிறது என்று நினைத்தேன். துணி அலச வந்த அம்மா அப்படியே நின்றாள்.

"இன்னாடா பண்றே?"

"புளிக்காம இருக்கேம்மா."

ஈரத் தலையோடு டாக்டரம்மாவிடம் இழுத்துப் போனாள். இரண்டாவது பாட்டில் கதையைக் கேட்டதும் அவர் பேனாவைக் கீழே வைத்தார். மாவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லையாம். வாய்க்குள் எப்போதும் கொஞ்சம் பூஞ்சை குடியிருக்குமாம். அதை அடக்கி வைத்திருந்த நல்ல கிருமிகளையும் மருந்து ஒழித்துவிட்டதால் அது பெருகிவிட்டதாம். அந்த மருந்தை நிறுத்தச் சொல்லி, நாக்கில் ஊதா மருந்து தடவினார். நான் வெடிக்க மாட்டேன் என்றும் உறுதி கொடுத்தார். ஆறுதலாக இருந்தது, லேசாக ஏமாற்றமாகவும் இருந்தது.

என் தாடையைப் பிடித்திருந்த அம்மாவின் கையை டாக்டரம்மா திருப்பிப் பார்த்தார். விரலிடுக்கில் தோல் வெளுத்து ஊறி, நடுவில் சிவந்து வெடித்திருந்தது.

"சோப்பு ஒத்துக்கலீங்க" என்றாள் அம்மா.

"வேற எங்கனா அரிப்பு இருக்கா?"

அம்மா என்னைப் பார்த்தாள். வெளியே போய் எடை மிஷினில் நிற்கும்படி டாக்டரம்மா என்னிடம் சொன்னார். ஏறினேன், இறங்கினேன், மறுபடி ஏறினேன். தாகம் எடுக்கிறதா, ராத்திரி அடிக்கடி ஒன்றுக்கு எழுந்து போகிறாளா என்று அவர் கேட்பது கதவிடுக்கில் வந்தது. அம்மா சொன்னது மட்டும் காதில் விழவில்லை. நோயாளி நான், நேரமெல்லாம் அவளுக்கு. எனக்குக் கோபம்.

மறுநாள் வெறும் வயிற்றோடு அப்பாவுடன் எங்கோ போய் வந்தாள். அதன்பிறகு காபியில் சர்க்கரை போடவில்லை. என் நாக்கு பழையபடி ஆனபிறகும், அவள் விரலிடுக்கு ஆறியபிறகும் போடவில்லை. இதுவும் எனக்கு விளங்கிவிட்டது. பிள்ளை பிழைத்தால் இனிப்பை விடுகிறேன் என்று சாமிக்கு நேர்ந்துகொண்டிருக்கிறாள். தெருவெல்லாம் சொல்லிப் பெருமையடித்தேன்.

ஒருநாள் மனசு கேட்காமல் என் பங்கு ஜிலேபியை அவள் வாயருகே நீட்டினேன்.

"எனக்குத்தான் சரியாயிடுச்சே. துன்னும்மா, சாமி கோச்சிக்காது."

அவள் அதை வாங்கி என் வாயிலேயே திணித்துவிட்டுச் சிரித்தாள். எனக்காக ஒருத்தி இவ்வளவு செய்கிறாளே என்று நினைத்தபடி, நான் நன்றாக மென்று தின்றேன்.